வேலைநீக்கமும் முறையான விசாரணையும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதே மரபு. விழாக் குழுவினரோ, பணியிட விதிகளை மீறியதாகக் கூறிச் செய்யப்படும் வேலைநீக்கம் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளனர். எண்ணிப் பார்க்குங்கால் இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே என்பது விளங்கும். படித்து ஒரு வேலையைப் பெறுவதற்கு நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டினோம். பெற்ற வேலையை நியாயமின்றி இழவாதிருக்கும் அறிவையும் அவர்களுக்கு அளித்தல் நம் கடமையன்றோ?

கொட்டிவாக்கத்தின் கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். அதற்கும் அப்பால் பழைய மகாபலிபுரம் சாலை. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2011-ல் நம் ஊர் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. நம் சங்கம் வளர்ந்த அதே காலத்தில்தான் அச்சாலையின் இருமருங்கிலும் கண்ணாடிக் கட்டடங்கள் வளர்ந்தன. நம் பிள்ளைகள் அக்கட்டடங்களுக்குள் இருவழியாகச் சென்றனர். பட்டம் பெற்றோர் கணிப்பொறியின் முன் அமர்ந்தனர். ஏனையோர் காவல், துப்புரவு, உணவகம், வண்டி ஓட்டுதல் ஆகிய பணிகளில் ஒப்பந்ததாரர்களின் கீழ்ச் சேர்ந்தனர். ஊதியம் வேறு, நாற்காலி வேறு எனினும், இருவர் கழுத்திலும் தொங்குவது அடையாள அட்டை ஒன்றே. அந்த அட்டையோடு விதிகளும் வந்து சேர்கின்றன. பிறர் அட்டையைப் பதிவு செய்யலாகாது, கைப்பேசியைக் குறித்த இடத்துக்குள் கொண்டு செல்லலாகாது, கடவுச்சொல்லைப் பகிரலாகாது, தலைக்கவசமின்றிப் பணியிடத்தில் நுழையலாகாது என்று அவை நீண்டு செல்கின்றன.

விதிகள் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பாதுகாப்பு விதி பெரும்பாலும் தொழிலாளியின் உயிரைக் காப்பதற்கே அமைந்தது. நாம் எழுப்பும் வினா வேறு. ஒருவர் விதியை மீறினார் என்று மேலாளர் சொன்ன மாத்திரத்தில் அவர்தம் பிழைப்பைப் பறித்துவிடலாமா என்பதே அது. திருவள்ளுவர் 'வெருவந்த செய்யாமை' என்னும் அதிகாரத்தின் முதற் குறளில், ஒறுப்பவனுக்கு இரண்டு கடமைகளை வகுத்தார். ஒன்று, குற்றத்தைத் தக்கபடி ஆராய்தல். மற்றொன்று, குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுத்தல். வேந்தனுக்குச் சொன்ன இவ்விரண்டையும் நிறுவனத்துக்கும் பொருந்தச் செய்வதற்கு இந்திய நாட்டில் நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

விதி எழுத்தில் வந்த வரலாறு

ஆலைத்தொழில் தொடங்கிய நாள்களில் மேஸ்திரியின் வாய்ச்சொல்லே விதி. அவருடைய சினமே தீர்ப்பு. நமக்கு அண்மையிலுள்ள அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சார்ந்த பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் துணைநிற்க, 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பெரம்பூரிலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் பட்ட இன்னல்களே அதற்குக் காரணம்.

அடுத்த பெரும் படி 1946-ல் வந்தது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கினார் என்பதை நாம் அறிவோம். அவர் அப்பொறுப்பிலிருந்த காலத்தில்தான் தொழிற்சாலை நிலையாணைகள் சட்டம் நிறைவேறிற்று. எவை குற்றங்கள், அவற்றுக்கு என்ன தண்டனை, எவ்வாறு விசாரிப்பது என்பனவற்றை முதலாளி எழுத்தில் வகுத்து அரசு அலுவலரிடம் சான்று பெறுதல் வேண்டும். ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் வாயிலருகே பலகையில் வைத்தல் வேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிட்டது. இதன் கருத்தை ஊன்றிக் காணுங்கள். எழுதப்படாத விதியால் தலைமுறை தலைமுறையாகத் துன்புற்றது நம் சமுதாயம். தெருவில் நடப்பதற்கும் கிணற்றில் நீர் மொள்வதற்கும் நம் முன்னோர்க்கு விதிக்கப்பட்ட தடைகள் எந்தப் பலகையில் எழுதப்பட்டிருந்தன? எழுதிய விதியையேனும் எடுத்துக்காட்டி வாதிடலாம். எழுதா விதியோடு யார் வாதிட முடியும்?

எழுத்தும் வெட்டும்

ஆயினும் எழுதிய விதி இருபுறமும் கூருள்ள வாள். இதற்குச் சென்னை ஆலையிலேயே சான்று உண்டு. பக்கிங்காம், கர்நாடிக் நிறுவனத்தின் நிலையாணைகளுள் ஒன்று, விடுப்பின்றித் தொடர்ந்து எட்டு வேலைநாள் வாராதவர் தாமே வேலையை விட்டுச் சென்றவராகக் கருதப்படுவார் என்றது. 1957-ல் விடுப்பில் சொந்த ஊர் சென்ற தொழிலாளி ஒருவர் குறித்த நாளில் திரும்பவில்லை. பின்னர், நோயுற்றுக் கிடந்ததாக மருத்துவச் சான்றுடன் வந்தார். நோய்க் காலத்தில் தொழிலாளியை நீக்கலாகாது என்னும் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு அவர் பொருட்டு எடுத்துக் கூறப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1963-ல் அந்நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நிர்வாகம் அவரை நீக்கவில்லை. நிலையாணையின்படி அவர் வேலை தானே முடிந்தது என்பது அத்தீர்ப்பின் சாரம். நீக்கியவர் எவருமில்லை, வேலை மட்டும் போயிற்று!

இந்நிலை மாற முப்பது ஆண்டுகள் ஆயின. இடையில் மூன்று வாயில்கள் திறந்தன.

முதலாவது, 1965-ல் வந்தது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 2-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னர், தனி ஒருவரின் வேலைநீக்கத்தைச் சங்கமோ சக தொழிலாளரோ கையிலெடுத்தாலன்றி அது தொழில் தகராறு ஆகாது. அதன் பின்னர், சங்கமில்லாத எளிய தொழிலாளியும் தனியே நியாயம் கேட்கலாம் என்றாயிற்று.

இரண்டாவது, 1971 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த 11-ஏ பிரிவு. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும், அதற்கு வேலைநீக்கம் மிகையான தண்டனையா என்று பார்த்து அதனைக் குறைக்கும் அதிகாரம் தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கிட்டியது. இதன் பயனை ஒரு வழக்கால் அறியலாம். உத்தரப் பிரதேசத்தில் பதினான்கு ஆண்டுகள் பழுதின்றிப் பணியாற்றிய ஒருவர், ஒருமுறை தகாத சொல் பேசியதற்காக நீக்கப்பட்டார். 1982-ல் உச்சநீதிமன்றம் அந்நீக்கத்தை விலக்கி, இரண்டு ஊதிய உயர்வுகளை நிறுத்துவதே போதும் என்றது.

மூன்றாவது, 1982-ல் இயற்றப்பெற்று 1984-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம். சிறிய குற்றத்துக்காகவோ வெறும் நுட்பப் பிழைக்காகவோ, ஒருவரின் முந்தைய பணிப் பதிவையும் நோக்காமல் நீக்குவது நேர்மையற்ற தொழில் நடவடிக்கைகளுள் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டது. இன்றைய அட்டை விதி, கைப்பேசி விதி போன்றவற்றை எண்ணுங்கால், 'நுட்பப் பிழை' என்னும் அச்சொல் எத்துணைப் பயனுடையது!

இறுதியாக 1993-ல், ஜே.எம்.ஏ. இண்டஸ்டிரீஸ் வழக்கில் எட்டு நாள் விதி மீண்டும் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. 1980 டிசம்பர் 3 முதல் நாள்தோறும் வேலைக்குச் சென்றும் வாயிலிலேயே தடுக்கப்பட்டதாக அத்தொழிலாளி கூறினார்; விடுப்பின்றி வாராதவர் என்று நிர்வாகம் கூறிற்று. விசாரணை ஏதும் நடக்கவில்லை. பிழைக்கும் உரிமை வாழும் உரிமையில் அடங்கும்; ஆதலின் விளக்கம் கேளாமல், விசாரியாமல் ஒருவரின் வேலையை விதியின் பெயரால் முடித்தல் இயற்கை நீதிக்கு முரண் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரை மீண்டும் வேலையில் சேர்த்துப் பாதிப் பின்னூதியம் வழங்க ஆணையிட்டது. வள்ளுவர் கூறிய இரண்டனுள், ஒத்த அளவில் ஒறுத்தல் 1971-லும், தக்கபடி ஆராய்தல் 1993-லும் தொழிலாளிக்கு உறுதியாயின எனலாம்.

எல்லையும் உண்டு

நீதிமன்றம் சென்றால் எப்பிழையும் மன்னிக்கப்படும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. பாரத் ஃபோர்ஜ் நிறுவனத் தொழிலாளி ஒருவர் 1983-ல் பகல் 11.40 மணிக்குப் பணியிடத்தில் உறங்கிக் கிடந்தார். முன்னரே மூன்று முறை பிழை செய்து சிறு தண்டனை பெற்றவர். தொழிலாளர் நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்குமாறு கூறிய போதிலும், 2005-ல் உச்சநீதிமன்றம் வேலைநீக்கத்தையே நிலைநிறுத்தியது. முதன்முறைப் பிழை வேறு. எச்சரித்த பின்னும் தொடரும் பிழை வேறு. இளைஞர்கள் இதனை மனத்திற் பதித்தல் வேண்டும். எச்சரிக்கைக் கடிதம் ஒவ்வொன்றும் அவர்தம் பணிப் பதிவில் தங்கும். அதற்கு மறுமொழி எழுதாமல் விட்டால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பின்னாளில் வாதிடப்படலாம்.

இன்றைய நிலை

நாம் அரசுப் பள்ளி ஆசிரியர். அரசு ஊழியர்க்கு அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு அரணாக நிற்கிறது. ஆசிரியர் மேல் பெருங்குற்றம் சாட்டினால் 17-பி பிரிவின்கீழ்க் குறிப்பாணை வரும், விளக்கம் கேட்பர், விசாரணை அலுவலரை அமர்த்துவர், அதன் பின்னரே தண்டனை. இவ்வரணுக்குள் நம் சமுதாயத்தார் பலர் இடஒதுக்கீட்டால் நுழைந்தனர். நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் இன்று செல்லும் தனியார் துறையிலோ இடஒதுக்கீடும் இல்லை, 311-உம் இல்லை. அவர்களுக்குள்ள அரண் தொழிலாளர் சட்டமே.

அச்சட்டமும் மாறியுள்ளது. 1946, 1947-ஆம் ஆண்டுச் சட்டங்களின் இடத்தில், 2020-ல் இயற்றப்பட்ட தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அதிலும் தொடர்கிறது. ஆயினும் இரண்டு மாற்றங்களைக் கருத்திற் கொள்ளுங்கள். நிலையாணைகள் கட்டாயமாகும் எல்லை நூறு தொழிலாளரிலிருந்து முந்நூறாக உயர்ந்தது. வேலைநீக்கத் தகராறு எழுப்பும் காலம் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்தது. சிறு ஒப்பந்ததாரரிடம் பணியாற்றுவோரையே முதல் மாற்றம் பெரிதும் பாதிக்கும். அதே நாளில் நடைமுறைக்கு வந்த மற்றொரு தொகுப்புச் சட்டம், ஒவ்வொரு பணியாளர்க்கும் நியமனக் கடிதம் வழங்குதல் கட்டாயம் என்றது. இது நமக்கு நன்மை.

கடைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றுவோர்க்குத் தமிழ்நாட்டில் வேறொரு துணையும் உண்டு. 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய ஊதியமோ இன்றியும் நீக்கலாகாது என்கிறது. ஒழுங்கீனம் என்று கூறி முன்னறிவிப்பின்றி நீக்குவதாயின், விசாரணையில் பதிவான சான்று வேண்டும். தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் இதன்கீழ் முறையிடலாம். அதற்குரிய காலம் குறுகியது. ஆதலின் நாள் கடத்தலாகாது.

"தொழிலாளர் சட்டம் ஆலையில் இருப்போர்க்குத்தானே, கணிப்பொறியில் இருப்போர்க்கு ஏது?" என்று படித்த பிள்ளைகள் வினவுவர். டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்திலிருந்து 2015-ல் நீக்கப்பட்ட பொறியாளர் ஒருவர் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்தை நாடினார். அவர் மேலாளர் நிலையிலிருந்தவர், தொழிலாளி அல்லர் என்று நிறுவனம் வாதிட்டது. பதவியின் பெயரைக் காட்டிலும், அவர் உண்மையில் செய்த வேலையே அளவுகோல். ஏழாண்டுகளுக்குப் பின், 2022-ல், அவர் தொழிலாளியே என்று கொண்ட நீதிமன்றம், முழுப் பின்னூதியத்துடன் மீண்டும் வேலையில் சேர்க்க ஆணையிட்டது. ஏழாண்டு என்பது நீண்ட காலந்தான். ஆயினும் வழி இல்லை என்பார்க்கு அது விடை.

ஒரு கையொப்பத்தின் விலை

வழக்குகளைக் கூறினோம். ஆனால் நம் மக்களுள் பெரும்பாலோர் நீதிமன்றத்தில் வேலையை இழப்பதில்லை. அதற்கு நெடுநாள் முன்னரே, ஒரு சிறிய அறையில், ஒரு தாளில் இழந்துவிடுகின்றனர்.

நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர். இன்று இரு குழந்தைகளின் தாய். ஒப்பந்ததாரர் ஒருவரின் கீழ் அலுவலகக் கட்டடத்தில் ஆறாண்டுகள் துப்புரவுப் பணி செய்துவந்தார். கருவுற்றிருந்த உடன்பணியாளர் பேருந்து கிடைக்காமல் தாமதித்த ஒரு காலையில், அவருடைய அட்டையையும் தாமே பதிவு செய்துவிட்டார். விதிமீறல்தான், அதனை மறுப்பதற்கில்லை. மறுநாள் மேற்பார்வையாளர் அழைத்து, ஆங்கிலத்தில் தட்டச்சிட்ட ஒரு தாளை நீட்டினார். "இதில் கையெழுத்துப் போட்டால் பாக்கிப் பணம் வரும், இல்லாவிட்டால் போலீசுக்குப் போகும்" என்றார். அஞ்சிக் கையொப்பமிட்டு வந்தார். சில நாள் கழித்து அத்தாளின் படியைப் பெற்று நம்மிடம் கொணர்ந்தார். 'சொந்தக் காரணங்களால் நானே விருப்பத்துடன் விலகுகிறேன்' என்பதே அதிலிருந்த வாசகம்.

இங்கே வேலைநீக்கம் என்பதே இல்லை. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, தண்டனையும் இல்லை. ஆகவே எதை எதிர்த்து முறையிடுவது? 1963-ல் நிலையாணை செய்ததை இன்று விலகல் கடிதம் செய்கிறது. மிரட்டிப் பெற்ற விலகல் செல்லாது என்று வாதிட முடியுமெனினும், மிரட்டலை மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தலைமேல் விழுகிறது. அந்த அறையில் வேறு சாட்சி இல்லை. ஐந்தாண்டு நிறைவு செய்தோர்க்குரிய பணிக்கொடையை மட்டும் தொழிலாளர் அலுவலகத்தின் வழியாக அவர் பெற்றார், வேலை திரும்பவில்லை. கையொப்பமிடாதிருந்தால், விசாரணை நடந்திருக்கும். ஆறாண்டுப் பழுதற்ற பணியை எடுத்துக் கூறியிருக்கலாம். ஒரு நாள் ஊதியக் குறைவோடு முடிந்திருக்கக்கூடிய பிழை அது. பத்தாம் வகுப்பில் தேறியவர் அவர். விடுப்புக் கடிதம் எழுதும் பாடம் நம் நூல்களில் உண்டு. நீட்டப்பட்ட தாளைப் படித்தறியும் பாடம் எந்நூலிலும் இல்லை.

கீழ்ப்படியாமை எப்போது குற்றம்?

நம் மக்களுக்கே உரிய மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். கீழ்ப்படியாமை ஒழுங்கீனம் என்று விதிகள் கூறும். ஆயினும் மாதிரி நிலையாணைகளில் உள்ள சொற்களை முழுமையாக நோக்குங்கள்: 'சட்டப்படியானதும் நியாயமானதுமான' ஆணைக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமையே குற்றம். பாதுகாப்புக் கருவியின்றிக் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கு என்று ஒருவர் ஆணையிட்டால், அது 2013-ஆம் ஆண்டு மனிதக் கழிவகற்றும் பணித் தடைச் சட்டத்துக்கு எதிரான ஆணை. அதனை மறுப்பவர் விதியை மீறியவர் அல்லர், ஆணையிட்டவரே மீறியவர். துப்புரவாளராகச் சேர்ந்தவரைத் தொட்டியில் இறக்குவோரும், மறுத்தால் 'நாளை முதல் வரவேண்டாம்' என்போரும் உள்ள நாட்டில், இந்த ஒரு சொற்றொடர் ஓர் உயிரின் விலையுடையது.

செய்யத்தக்கன

இனி, நினைவிற் கொள்ளத்தக்கனவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

1. வேலையிற் சேரும் நாளிலேயே நியமனக் கடிதத்தைக் கேட்டுப் பெறுக. ஊதியச் சீட்டு, அடையாள அட்டையின் படி, வருங்கால வைப்புநிதி எண், ஈ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றை வீட்டில் காத்து வைக்க. ஒப்பந்ததாரரின் பெயரும் முதன்மை நிறுவனத்தின் பெயரும் அவற்றில் தெளிவாக இருத்தல் வேண்டும்.

2. படித்து விளங்காத தாளில் எந்நிலையிலும் கையொப்பமிடற்க. "வீட்டில் காட்டி நாளை தருகிறேன்" என்று கூறுதல் ஒழுங்கீனம் ஆகாது.

3. குற்றச்சாட்டை எழுத்தில் கேட்க. மெமோ வந்தால் குறித்த நாளுக்குள் மறுமொழி தருக. அதன் படியில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்குக. உண்மையை எழுதுக, பிழை நேர்ந்திருந்தால் சூழ்நிலையையும் முந்தைய பணியையும் எடுத்துரைக்க.

4. விசாரணைக்குத் தவறாது செல்க. ஆவணங்களின் படிகளைக் கேட்க. சாட்சிகளை வினவும் உரிமையைப் பயன்படுத்துக. விளங்காத மொழியில் நடந்தால் அதனை எழுத்தில் தெரிவிக்க.

5. விசாரணைக் காலத்தில் இடைநீக்கம் செய்யப்பட்டால், 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுப் பிழைப்பூதியச் சட்டத்தின்படி முதல் 90 நாளுக்குப் பாதி ஊதியம் உண்டு. அதனைக் கேட்டுப் பெறுக.

6. வாயிலில் தடுத்தால் அன்றே பதிவு அஞ்சலில் எழுதுக. 1993-ஆம் ஆண்டு வழக்கில் தொழிலாளி வந்தாரா, வரவில்லையா என்பதே பூசலாயிற்று. அஞ்சல் முத்திரை பொய் சொல்லாது.

7. நீக்கம் உறுதியானால் தொழிலாளர் அலுவலரிடம் காலத்தே செல்க. முறையற்ற நீக்கத்துக்கு முழுப் பின்னூதியமே பொது விதி என்று, பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2013-ல் உச்சநீதிமன்றம் கூறியது. ஆயினும், இடைக்காலத்தில் வேறு வேலையில் ஊதியம் பெறவில்லை என்பதைத் தொழிலாளி தம் மனுவிலேயே கூறுதல் வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் மாலை வகுப்பு நடத்திற்று, நூல்கள் வழங்கிற்று, கட்டணம் செலுத்த இயலாதார்க்குத் துணைநின்றது. அடுத்த கட்டமாக, ஞாயிறு மாலைதோறும் நம் நூல்நிலையத்தில் ஒரு மேசை இடுவோம். நியமனக் கடிதம், மெமோ, எச்சரிக்கைக் கடிதம் என எத்தாள் வந்தாலும் கொணர்ந்து காட்டலாம். படித்த பிள்ளை ஒருவர் தமிழில் விளக்கி, மறுமொழி எழுத உதவுவார். பட்டம் பெற்றுக் கண்ணாடி அறையில் அமர்ந்த மகனும், அதே கட்டடத்தின் தரையைத் துடைக்கும் அத்தையும் அந்த மேசையில் சந்திப்பர். சட்டம் பயின்ற நம் இளைஞர்கள் திங்களுக்கு ஒருமுறை வந்தால் போதும். இதற்குப் பெருஞ்செலவும் இல்லை, கட்டடமும் வேண்டா.

விதியை வகுப்போர்க்கு அதனை விளக்க ஆள் உண்டு, அலுவலகம் உண்டு. விதிக்கு உட்படுவோர்க்குப் படிப்பு ஒன்றே துணை. அண்ணல் காலத்துச் சட்டம் விதியை வாயிலில் எழுதி வைக்கச் செய்தது. அதனைப் படிக்கக் கற்பிக்கும் பணி நம்முடையது.